கொசுறு

ஃபுகிமாருவைப் பற்றித் தெரிந்ததையெல்லாம்
சொல்லி முடித்துவிட்டீர்களா?

தணல் வௌவால், நீர்க்கீரி, இந்த இலைக்குட்டி:
மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றபோது
நூற்றில் பதினொரு பேர்தான் இதை எடுத்தார்கள்,
அதிலும் நால்வர் பொத்தானைத் தவறி அழுத்தியவர்கள்.
இதுவரை சரி.

தலையிலை இடப்பக்கம் சாய்ந்திருப்பது
பணிவின் அடையாளம் என்கிறீர்கள்.
ஓனோதெரா கேட்டால் சிரிப்பார்.
அவருடைய திரையின் வலதோரம்
மூன்று வரிசை செத்துக் கிடந்தது.
அகிதாவில், சலவைக்கடைக்கு மேல்மாடியில்,
புதுத்திரை வாங்க ஒருவரிடமும் பணமில்லை.
தெரிகிற பக்கமாக வளைத்தார்.
பதினாறுக்குப் பதினாறு கட்டம்.
ஒரு கட்டம் கண், இரண்டு கட்டம் கால்,
மீதி எல்லாம் இலை.

அதன் குரல் தவளையுடையது அல்ல.
கீழ்க்கடையின் இழுப்புக்கதவு,
குளிரில் இறுகி, உதைத்தால் திறப்பது.
மினெகிஷி ஒலிவாங்கியைக் கயிற்றில் கட்டி
சன்னல் வழியே இறக்கினான்.
நான்கே ஓசைகளாகக் குறுக்க ஒன்பது நாள்.
கடைக்காரர் கதவுக்கு எண்ணெய் விட்ட அன்று
அவன் அழாத குறை.

ஏழாம் படியில் அது கற்கும் வித்தை
'காத்திரு'.
எதிரி அடிப்பான், இது நிற்கும்.
தத்துவம், தியானம் என்று
பக்கம் பக்கமாகப் பேசுகிறீர்கள்.
நினைவகத்தில் மிச்சமிருந்தது இருபத்து மூன்று பைட்.
இருபத்து மூன்று பைட்டில்
நிற்கத்தான் முடியும்.

மார்ச்சில், சாக்கடையோரம், பனியைப் பிளந்து
ஃபுகி மொட்டுகள் வந்தன.
ஓனோதெரா ஒன்றைப் பறித்து மேசையில் வைத்தார்,
பார்த்து வரைந்தார்,
வரைந்து முடித்ததும்
மாவில் தோய்த்துப் பொரித்து எங்களுக்குத் தந்தார்.
மாதிரிக்கு உட்கார்ந்தவரையே தின்றோம்.
கசந்தது.
குறிப்பேட்டில் அவர் எழுதினார்:
வேகம் மூன்று. பலம் நான்கு. கசப்பு ஒன்பது.
அந்த ஒன்பது இன்னும் நிரலுக்குள் இருக்கிறது.
அதைப் படிக்க ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

இது உங்கள் பட்டியலில் இல்லை, பார்த்தீர்களா.

பிறகு அந்த நான்கு மணிச் சங்கதி.
விளையாட்டுக்குள் பனி பெய்யவேண்டும்,
கடிகாரம் அதிகாலை நான்கைத் தாண்டவேண்டும்,
நீங்கள் எந்தப் பொத்தானையும் தொடக்கூடாது.
ஃபுகிமாரு இலையை மடித்து
முகத்தை மூடிக்கொள்ளும்.
தூங்குமூஞ்சி என்று செல்லப்பெயர் வைத்தீர்கள்.
படைத்தவர்கள் ஒளித்துவைத்த பரிசு என்றீர்கள்.
ஓனோதெராவிடம் கேட்டார்கள், தெரியாது என்றார்.
மினெகிஷியும் தெரியாது என்றான்.
பொய்யில்லை, அவர்களுக்குத் தெரியாது.

பிழை பார்ப்பது என் வேலை.
மணியிலிருந்து பனியைக் கழிக்கும் ஓரிடத்தில்
கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே வழுக்கி
இருநூற்று ஐம்பத்தைந்தில் போய் விழுகிறது.
விழுந்த இடத்தில் ஒரு பழைய படம்:
வேண்டாம் என்று ஒதுக்கி
அழிக்க மறந்த விதைப்பருவம்.
ஒரே ஒரு எண்.
மாற்ற அரை நிமிடம் போதும்.

பிப்ரவரி. வெளியீட்டுக்கு மூன்று வாரம்.
மற்றவர்கள் கடைசி ரயிலுக்கு ஓடிவிட்டார்கள்.
பிழைச்சீட்டு எண் முந்நூற்றுப் பதினெட்டு,
கண்டவர்: கசாய் தொமோயோ,
விவரம், செய்முறை, நேரம்
எல்லாம் எழுதினேன்.
முத்திரை குத்தப் போனேன்.
உள்ளே பனி, வெளியேயும் பனி,
மண்ணெண்ணெய் அடுப்பு இருமிக்கொண்டிருந்தது,
அதுவரை முந்நூற்றுப் பதினேழு தடவை
அந்தக் குட்டியை
சுவரில் மோதவிட்டிருந்தேன், பள்ளத்தில் தள்ளியிருந்தேன்,
கடலுக்குள் நடக்கவைத்திருந்தேன்.

சீட்டை நான்காக மடித்து
கோட்டுப் பையில் போட்டேன்.
விளக்கை அணைத்தேன்.
திரையை அணைக்கவில்லை.

பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டாம்.
சேர்த்தே தீருவீர்கள் என்றால்
சீட்டு எண்ணையாவது
தப்பாகப் போடுங்கள்.